ஆகாதவங்கள நேசிக்கிறது எப்படி? சிறுமலர் தெரேசா வழி

முதல்ல உங்களுக்கு சுத்தமா ஆகாத ஒரே ஒரு ஆள எடுத்துக்கோங்க, உலகத்தையே நேசிக்கிறேன்னு சொல்றது ஈஸி, பக்கத்து சீட்டுக்காரங்கதான் கஷ்டம். பிரான்ஸ்ல லிசியூங்கிற ஊர்ல, கார்மேல்ங்கிற கத்தோலிக்க துறவற சபையோட மடத்துல கன்னியாஸ்திரியா இருந்த புனித தெரேசா (1873–1897) இதத்தான் செஞ்சாங்க, எரிச்சலூட்டுற ஒரு சிஸ்டர பாக்குறப்பல்லாம் அவங்களுக்காக ஒரு ஜெபம், அப்புறம் சின்னச் சின்ன உதவி, வெடுக்குன்னு பதில் வாய் வரைக்கும் வந்தா ஒரு சிரிப்பு, அதுவும் முடியலன்னா அங்கருந்து எஸ்கேப். ஆமா, ஓடிப்போறதும் இதுல சேர்த்திதான்! கடைசில அந்த சிஸ்டரே, என்கிட்ட அப்படி என்னதான் பிடிச்சிருக்குன்னு கேட்டுட்டாங்க. துணி துவைக்கிறப்ப எதிர்ல இருந்தவங்க அழுக்குத் தண்ணிய மூஞ்சில தெறிக்க விட்டப்பவும் தெரேசா தள்ளி நிக்கல. பாசம் பொங்கட்டும்னு காத்திருக்காதீங்க, செயல்ல ஆரம்பிங்க. ஆனா அடி உதை, மிரட்டல்னா இதப் போட்டு குழப்பிக்காதீங்க, உடனே ஹெல்ப் கேளுங்க.