வாய்க்கால் கரையில் வெட்டிவேர் நடும் விதம்

ஐப்பசி மழையில் இரண்டு முறை கரை சரிந்த பிறகுதான் வெட்டிவேர் வைத்தேன். விதைக்கு அலைய வேண்டாம்; நம் பக்கம் பயிரிடும் ரகம் தூரை, அதாவது அடியில் வேரோடு கிளைக்கும் தாளை, பிரித்து நட்டால்தான் பெருகும். நன்றாகத் தூர் கட்டிய குத்தை மண்வெட்டியால் கிளப்பி, துண்டுக்கு இரண்டு மூன்று தூர் இருக்கும்படி பிரியுங்கள். தாளை ஒரு சாணும் வேரை நாலு விரலும் விட்டு நறுக்குங்கள். சரிவுக்குக் குறுக்கே, அரை அடிக்கு ஒன்றாக, ஆடி ஆவணியிலேயே நட்டுவிடுங்கள். இடையில் ஒரு தூர் பட்டுப்போனால் உடனே புதிது வையுங்கள். அந்தச் சந்தில்தான் தண்ணீர் புகுந்து மண்ணை அறுக்கும்.

நிழல் மட்டும் ஆகாது. வேர் நேராக 3 மீட்டர் வரைகூட இறங்கும். வண்டல் மேடிட்டு அடித்தண்டை மூடினாலும் கணுவில் புது வேர் விடும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அப்புறம், வாசனைக்கு ஆசைப்பட்டு இந்த வரிசையைத் தோண்டாதீர்கள். அதற்கு மணலில் தனியாக நாலு குத்து வையுங்கள்.