வெயிலைப் பார்த்துக் கலாங்குக்குக் கிளம்பாதீர்கள்

கோடை வந்தால் தென் பிரான்சின் மார்சேயில் குடியிருக்கும் எங்களுக்கு உறவும் நட்பும் திடீரென்று பெருகிவிடும். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். வருகிற எல்லாருடைய கைபேசியிலும் கிட்டத்தட்ட ஒரே படம் இருக்கும்: இருபுறமும் செங்குத்தான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, நடுவில் பச்சையும் நீலமுமாக ஒரு துண்டுக் கடல். கஸ்ஸி ஊருக்குப் பக்கத்திலுள்ள ஆன்-வோ, இல்லாவிட்டால் லுமினியிலிருந்து நடந்து இறங்கும் சூஜித்தோன். பாறைக்குள் புகுந்து நிற்கும் இந்தக் குட்டிக் குடாக்களுக்கு இங்கே கலாங்க் என்று பெயர். மார்சேய்க்கும் கஸ்ஸிக்கும் நடுவே வரிசையாக இருக்கின்றன. 2012 முதல் இந்தக் கரை தேசியப் பூங்கா.

தொப்பி, சன்ஸ்கிரீன், ஈரத்துணிக்கு ஒரு பை போன்றவற்றையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. வருகிறவர்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. வந்த புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகள்தான். அவற்றில் ஒன்று இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெயிலை விசாரித்துவிட்டுக் காற்றை மறப்பது

"அங்கே வெயில் எப்படி?" வருவதற்கு முந்தின நாள் எல்லாரும் போனில் கேட்கும் கேள்வி இது. கோடையில் மார்சேயில் வெயில் அடிக்கும். அதை விசாரித்து எதுவும் ஆகப்போவதில்லை. கேட்க வேண்டியது காற்றை. "மிஸ்ட்ரால் அடித்ததா, எப்போது நின்றது?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

மிஸ்ட்ரால் என்பது ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடமேற்கிலிருந்து இறங்கும் வறண்ட, பலத்த காற்று. அது அடிக்கும்போது வானத்தில் ஒரு மேகம் இருக்காது. கைபேசியில் வானிலைப் படம் முழுச் சூரியனைக் காட்டும். ஏமாறுவது இங்கேதான் ஆரம்பிக்கிறது.

காற்று கரையோரக் கடலின் மேல்நீரைத் தள்ளுகிறது. பூமியின் சுழற்சியால், வட அரைக்கோளத்தில் அப்படித் தள்ளப்படும் நீர் காற்றின் போக்குக்கு வலப்பக்கமாக விலகும். தெற்கைப் பார்த்த இந்தக் கரையில் வடமேற்குக் காற்றுக்கு வலப்பக்கம் என்றால் திறந்த கடல். ஆக, கோடை முழுக்கச் சூடேறிய மேல்நீர் வெளியே போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் எழும்பி வருகிறது. 24, 25 டிகிரியில் இருந்த கடல் ஒன்றிரண்டு நாளில் 15, 16க்கு இறங்கிவிடும். ஜூலையிலும் இறங்கும், ஆகஸ்டிலும் இறங்கும். காற்று நின்ற மறுநாளே சரியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். நீர் பழைய சூட்டுக்குத் திரும்ப இன்னும் சில நாள் பிடிக்கும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த நாளில்தான் கலாங்க் மிக அழகாக இருக்கும். அடியிலிருந்து வந்த நீர் கண்ணாடிபோலத் தெளிவு. பின்னால் உயரமான பாறை காற்றை மறைத்துக்கொள்வதால் கரையோரத்தில் அலையே கிடையாது. பார்ப்பவருக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று தோன்றும். நூறு மீட்டர் தள்ளி, குடா கடலோடு சேரும் வாய்ப்பகுதியை உற்றுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: கருத்த சிற்றலைகள் வெளிப்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும், அதற்கும் அப்பால் வெள்ளை நுரை. கரையில் நிற்பவருக்கு அலையின் முதுகுதான் தெரியும் என்பதால் அதன் உயரமும் புரியாது.

ஒரு செப்டம்பரில் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். திருப்பித் தராத டிக்கெட், முன்பணம் கட்டிய அறை. இரண்டு நாள் மிஸ்ட்ரால் அடித்து அன்று காலைதான் ஓய்ந்திருந்தது. நாளை மறுநாள் போகலாம் என்றேன். "வெயில் அடிக்குதே!" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ வாயிலிருந்து கேட்டுவிட்டேன். அவர் நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம் விடாமல் நீந்துகிறவர். ஆன்-வோவில் இறங்கியதும் நீருக்குள் பார்க்கும் மாஸ்க்கை மாட்டி, ஸ்நார்க்கெல் என்னும் மூச்சுவிடும் குழலைக் கடித்துக்கொண்டு பாறையிலிருந்து நேராகக் குதித்தார். குளிர்நீர் பட்டதும் உடம்பு தானாக ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அது நம் கட்டுப்பாட்டில் இல்லை. அந்த நேரத்தில் குழலின் மேல்முனை தண்ணீருக்குள் இருந்தது. இழுத்தது காற்றை அல்ல, கடலை. இருமிக்கொண்டே பாறையைப் பிடித்தார். அப்புறம் மாஸ்க்கின் பட்டையைக் கழற்ற விரல் ஒத்துழைக்கவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினோம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வெயில் அப்போதும் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைய நாள் போனது, அவருடைய பிள்ளைகள் அந்தப் பயணம் முழுக்கக் கடலில் கால் வைக்கவில்லை.

குளிர் ஒரு பக்கம் என்றால், காற்று வெளியே தள்ளுவது இன்னொரு பக்கம். காற்றடைத்த மிதவைகளை, அந்த இளஞ்சிவப்பு ஃபிளமிங்கோக்களை, இங்கே கொண்டுவருவதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். பின்னால் பாறை இருக்கும்வரை மிதவை அசையாது. மறைவைத் தாண்டிப் பத்து அடி போனால் காற்று பிடித்துக்கொள்ளும். பெரியவர் நீந்தும் வேகத்தைவிட அது வேகமாகப் போகும். அப்படி வாய்ப்பகுதி வரை போய்விட்ட இரண்டு சிறுவர்களைக் கயாக்கில் வந்த ஒருவர் கட்டி இழுத்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். தாய் கரையில் கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

மூன்றாவதாக, பாதையே மூடப்படலாம். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து இந்த மலைப்பகுதிக்குள் போக அனுமதி நாளுக்கு நாள் மாறும். மறுநாள் நிலவரம் முந்தின நாள் மாலையில் தெரிந்துவிடும். பூங்காவின் 'மே கலாங்க்' செயலியில் பார்க்கலாம். சிவப்பு என்றால் உள்ளே போகக்கூடாது. மீறினால் 135 யூரோ அபராதம். எந்த நாள் சிவப்பாகும்? பெரும்பாலும் மிஸ்ட்ரால் அடிக்கும் நாள். நீரைக் குளிரவைப்பதும் வழியை மூடவைப்பதும் ஒரே காற்றுதான். அதைப் பார்க்காமல் வெயிலை மட்டும் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கோபித்துக்கொள்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? இன்றைய காற்று மட்டும் போதாது. கடந்த மூன்று நாள் காற்றின் திசையையும் வேகத்தையும் பாருங்கள். கடல்நீரின் சூட்டைத் தனியாகப் பாருங்கள். காற்றின் சூட்டுக்கும் அதற்கும் இங்கே சம்பந்தம் கிடையாது. பயணத்தில் கலாங்குக்கென்று ஒரே ஒரு நாளை ஒதுக்காமல், மூன்று நாளில் எது நல்லதோ அது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் குளிர்ந்த நாளில் மாட்டிக்கொண்டால், மாஸ்க் இல்லாமல் மெதுவாக இறங்கி, பாறையைப் பிடித்தபடி இரண்டு மூன்று நிமிடம் மூச்சு சீராகும்வரை நில்லுங்கள். குளிர் தாங்கும் நீச்சல் உடையான வெட்சூட் இல்லாதவர் அதிக நேரம் இருக்கவேண்டாம். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை என்றால் அந்தக் கணமே வெளியே வந்துவிடுங்கள்.

கிழக்குக் காற்று இதற்கு நேரெதிர். சூடான மேல்நீரைக் கரைக்குக் கொண்டுவரும். கூடவே அலையையும், சில நேரம் ஊதாநிறச் சொறிமீனையும் கொண்டுவரும். சொறிமீன் தீண்டினால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல்நீரால் அலசுங்கள். தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் நல்ல தண்ணீர் பட்டால் மறுபடி வெடிக்கும்.

சூஜித்தோனுக்கு முன்பதிவு இல்லாமல் போவது

2022 முதல், கோடையின் நெரிசல் நாள்களில் சூஜித்தோனுக்கு முன்பதிவு வேண்டும். இலவசம், ஆனால் ஒரு நாளைக்கு 400 பேர்தான். அதற்கு முன் உச்ச நாள்களில் 2,500 பேர் வரை இறங்கினார்கள். கால்பட்டுக் கால்பட்டு மண் சரிந்து, பைன் மரங்களின் வேர் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. "நம்மை யார் கேட்கப்போகிறார்கள்" என்று வருகிறவர்களைப் பாதையிலேயே நிறுத்திக் கேட்பார்கள்.

குடிநீர்

கீழே கிடையாது. குழாயும் இல்லை, கடையும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர்; ஏறுவது இறங்குவதைவிடக் கஷ்டம் என்பதால் பாதியைத் திரும்பும்போது குடிக்க வையுங்கள்.

ரப்பர் செருப்பு

ஆயிரக்கணக்கானோர் நடந்து வழவழப்பாகிப்போன சுண்ணாம்புக்கல்லில் அது சறுக்கும். ஆன்-வோவுக்கு இறங்கும் கடைசிப் பகுதியில் கைவைத்து இறங்கவேண்டியிருக்கும். பிடிமானமுள்ள ஷூ போடுங்கள்.

நடுக்கடலில் மீன் தேடுவது

ஸ்நார்க்கெல் மாட்டியவர்கள் நேராகப் போவது நல்ல நீலமாகத் தெரியும் நடுப்பகுதிக்கு. அங்கே அடியில் வெள்ளை மணல்தான் இருக்கும், அந்த நிறத்துக்குக் காரணமும் அதுதான். மீன் ஏதும் இல்லை என்று அரை மணியில் சலித்துப்போய் வெளியே வருவார்கள். மீன் இருப்பது பாறைச் சுவரை ஒட்டியும், கருந்திட்டாகத் தெரியும் கடற்புல் மேலும்.

அந்தக் கருந்திட்டைப் பாசி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது பொசிடோனியா, பூத்துக் காய்க்கும் செடி, இங்கே வளரும் இந்த இனம் மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் கிடையாது. பிரான்சில் 1988 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கரையில் குவியும் பழுப்பு இலைகளும் குப்பை அல்ல. அலை மணலை அரிக்காமல் அவைதான் தடுக்கின்றன.

பாறைச் சுவரை ஒட்டி, அவசரப்படாமல், ஒரே இடத்தில் மிதந்துகொண்டு பாருங்கள். பொன்வரி போட்ட சால்ப் மீன்கள் கூட்டமாகப் புல் மேயும். கோடையின் பிற்பகுதியில் பாறை நிழலில் மின்சார நீலத்தில் விரல்நகம் அளவுக்குக் குஞ்சுகள் தெரியும்; அவை வளர்ந்தால் கறுப்பாகிவிடும் காஸ்தன்யோல் மீன்கள். ஒரு பொந்தின் வாசலில் காலிச் சிப்பிகள் குவிந்திருந்தால் உள்ளே ஆக்டோபஸ் இருக்கலாம். கையை விடாதீர்கள்.

பாறையில் கைவைத்து ஏறுவது

கடல் முள்ளெலி இருக்கும், முள் குத்தும். கையைப் பார்த்து வையுங்கள்.

மீனுக்கு ரொட்டி போடுவது

வேண்டாம்.

சிகரெட்

பூங்காவின் மையப் பகுதியில் தடை. வறண்ட பைன் காட்டில் அதற்குமேல் விளக்கம் எதற்கு?

கைபேசியை நம்புவது

பாறைக்கு அடியில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. எந்தக் கலாங்குக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று மேலே இருக்கும் யாரிடமாவது சொல்லிவிட்டு இறங்குங்கள். கடலில் ஆபத்து என்றால் 196, மற்றதற்கு 112.

கொஸ்கேர் குகையைத் தேடுவது

ஸ்நார்க்கெலைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த ஓவியக் குகை இங்கேதானே?" என்று, ஆதிமனிதர்கள் வரைந்த ஓவியங்கள் உள்ள கொஸ்கேர் குகையைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இங்கேதான், மோர்ஜியூ முனைக்கு அருகில். வாசல் கடலுக்கு அடியில் 37 மீட்டர் ஆழத்தில். 1991இல் வாசலிலிருந்து குகைக்குப் போகும் சுரங்கவழியில் வழிதவறி மூன்று முக்குளிப்பவர்கள் இறந்தார்கள். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதன் மாதிரியை 2022இல் மார்சேய்த் துறைமுகப் பக்கம் திறந்திருக்கிறார்கள். மிஸ்ட்ரால் அடிக்கும் நாளில் விருந்தினரை நான் அழைத்துப் போவது அங்கேதான்.