ஆரஞ்சுப் பூ சென்ட்: தினமும் போடுபவர்கள் செய்யும் தவறுகள்

ஆரஞ்சுப் பூ வாசனை பிடித்து வாங்கியவர்கள் ஒரு வாரத்தில் சொல்வது, "ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை." உடனே எட்டு, பத்து ஸ்ப்ரே அடிக்கத் தொடங்குகிறார்கள். முதல் தவறு அதுதான். கசப்பு ஆரஞ்சுப் பூவின் மணத்தில் லினலூல், லிமோனீன் போன்ற சீக்கிரம் ஆவியாகும் பொருட்களே அதிகம். எவ்வளவு அடித்தாலும் அவை முதலில் பறந்துவிடும். தலைவலி தரும் கனமான மிச்சம்தான் கூடும். பல நேரம் மணம் போயே இருக்காது, உங்கள் மூக்கு பழகியிருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

காலையில் மூன்று ஸ்ப்ரே, மதியம் ஒன்று. இந்த வாசனைக்கு அதுவே சரியான அளவு. ஒரு ஸ்ப்ரேயில் சுமார் 0.1 மி.லி. வரும். அப்படிப் பார்த்தால் 50 மி.லி. பாட்டில் நான்கு மாதம் தாண்டும். மதியத்துக்கு 5 மி.லி. சின்ன பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போகலாம்.

கடலூர், புதுச்சேரிக் காற்றில் இதைவிடப் பெரிய பிரச்சினை வியர்வை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து, வியர்த்த கழுத்தில் அடித்தால் சென்ட் வியர்வையோடு வழிந்துவிடும். உடல் நாற்றத்தை அது மறைக்காது, அதனோடு கலந்து புளிப்பாக மாறும். குளித்து, துடைத்து, ஃபேனுக்குக் கீழே ஐந்து நிமிடம் உடம்பு காய்ந்த பிறகே போட வேண்டும். வறண்ட தோலிலும் மணம் நிற்காது. மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும் வாசனையில்லாத லோஷன் மெல்லிசாகத் தடவி, அதன்மேல் அடியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் வாசனை இந்த மென்மையான மணத்தை அமுக்கிவிடும். வாசனைப் பவுடரும் அப்படித்தான். அக்குளுக்கு வாசனையில்லாத, வியர்வையைக் குறைக்கும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் தனியாக இருக்கட்டும்.

அடித்தவுடன் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்காதீர்கள். தேய்க்கும் சூட்டில் முதலில் எழும் மணம் இன்னும் வேகமாகப் போகும்.

வெள்ளைச் சட்டையிலும் பட்டிலும் கவனம் தேவை. ஆரஞ்சுப் பூவுக்கு அதன் தனி இனிப்பைத் தருவது மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற மணப்பொருள். சென்ட்டில் உள்ள ஆல்டிஹைடு வகை மணப்பொருட்களோடு சேர்ந்தால் இது மஞ்சள், ஆரஞ்சு நிறப் பொருளாக மாறும். பாட்டிலில் சென்ட் நாளாக நாளாக நிறம் ஏறுவதற்கும், காலரில் மஞ்சள் படிவதற்கும் இது ஒரு காரணம். துணியில் அடித்தே ஆக வேண்டுமென்றால் உள்பக்கத்து ஓரத்தில் சோதித்துவிட்டு, ஒரு சாண் தள்ளி வைத்து அடியுங்கள். பட்டில் வேண்டவே வேண்டாம்.

தலையில் மல்லிகை வைக்கும் நாளில் சென்ட்டைத் தவிர்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. மல்லிகையிலும் இந்தோல் என்ற கனமான மணப்பொருள், மெத்தில் ஆந்த்ரனிலேட் இரண்டும் உண்டு. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மூடிய ஏசி அறையில் திகட்டும். பூவின் அழகும் கெடும்.

வாங்கும்போது புதுச்சேரி நேரு வீதிக் கடையில் காகிதத் துண்டை முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். முதல் பத்து நிமிடம் வருவது பெரும்பாலும் எலுமிச்சை வகைத் துவக்கம்தான். கையில் அடித்துக்கொண்டு மற்ற வேலையைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து முகருங்கள். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் வித்தியாசம் தெரியாது. லேபிளில் 'நெரோலி' என்றிருந்தால் பூவை நீராவியில் வடித்தது, பச்சையும் கசப்பும் கலந்த லேசான மணம். 'அப்சொல்யூட்' என்றால் கரைப்பானில் எடுத்தது. தேன்போல் கனம், மாலைக்குத்தான் பொருந்தும். ஏறக்குறைய ஒரு டன் பூவில் ஒரு கிலோ நெரோலிதான் கிடைக்கும் என்பதால், சில நூறு ரூபாய்க்கு விற்கும் "சுத்த நெரோலி எண்ணெயை" நம்ப வேண்டாம். அசல் எண்ணெயே ஆனாலும் நேராகத் தோலில் தடவக் கூடாது, 10 மி.லி. வாசனையில்லாத எண்ணெயில் இரண்டு சொட்டு போதும்.

இந்த வகை சென்ட்டுகளில் பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயைச் சேர்ப்பது வழக்கம். அதிலுள்ள பெர்காப்டென் வெயில் பட்டால் தோலைக் கருக்கும். பெர்காப்டென் நீக்கிய பெர்கமோட்டும் உண்டு. லேபிள் இல்லாத பாட்டிலில் அதை உறுதி செய்ய வழியில்லை. ஸ்கூட்டரில் போகிறவர்கள் கழுத்தை விட்டு, துணி மூடும் இடத்தில் போடட்டும்.

பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியிலோ குளியலறையிலோ வைக்காதீர்கள். சூடும் காற்றும் பட்டு லினலூல் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் மணம் கெடும், சிலருக்குத் தோலில் அரிப்பும் வரும். பீரோவுக்குள், அட்டைப் பெட்டியோடு, மூடி இறுக்கி வையுங்கள். சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால். அடித்துக் காய்ந்த பிறகுதான் சாமி விளக்கு ஏற்றவோ அடுப்பருகே போகவோ வேண்டும்.