அரையாண்டு விடுமுறைக்கு ஒரு சிறுவீடு

பள்ளி நாட்காட்டியில் குளிர்கால விடுமுறை என்று அச்சிட்டிருந்தாலும் திருநெல்வேலிப் பக்கத்தில் அதற்கு அரையாண்டு லீவு என்றுதான் பெயர்; குளிர்கூட, விடியற்காலையில் கோலம் போட வாசலுக்கு வருகிறவர்களுக்கு மட்டுமே தெரியும். வடகிழக்குப் பருவமழை முற்றிலும் ஓயாத நாட்கள் அவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையையும் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தையும் பார்த்தபின், பிள்ளைகளைத் தனியே ஆற்றுக்கோ குளத்துக்கோ அனுப்ப மனம் துணிவதில்லை. ஆகவே கிறிஸ்துமஸை ஒட்டித் தொடங்கிப் புத்தாண்டு வரை நீளும் அந்த நாட்களை வீட்டிலேயே கழிக்க வழி பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் வருடம் நான் ஓர் அட்டவணை போட்டேன். ஒன்பது மணிக்கு ஓவியம், பத்து மணிக்குக் கதைப் புத்தகம் என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அந்தத் தாளைக் கிழித்து, இரண்டாம் நாள் மதியமே என் மகன் அதன் பின்பக்கத்தில் பஸ் படம் வரைந்துவிட்டான். மணிக்கு ஒரு விளையாட்டு என்று வைத்தால் ஒவ்வொன்றும் முடிந்தவுடன் 'அடுத்து என்ன?' என்ற கேள்வி நம்மிடம்தான் வந்து நிற்கும். அதைவிட, பல நாட்கள் நீளக்கூடிய பெரிய வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, சிறியவற்றை அதன் இடைவெளிகளில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

அந்தப் பெரிய வேலையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மார்கழியில் வாசலில் மண்ணால் சிறுவீடு கட்டி, நாள்தோறும் கோலத்தில் சாணப் பிள்ளையாரோடு வைத்த பூசணிப் பூவை மாலையில் எருவாகத் தட்டிக் காயவைத்து, தையில் சிறுவீட்டுப் பொங்கல் இடுவது நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளின் பழைய வழக்கம். பையன்களையும் சேர்த்துக்கொண்டால் வழக்கம் ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் எண்ணம். எங்கள் ஆச்சி முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு அவரே மண் சலித்துக் கொடுத்தார்.

முதல் நாள் மண்ணைத் தொடவே விடாதீர்கள். சாக்கட்டியால் தரையில் அறைகளை வரையச் சொல்லுங்கள்: தார்சா என்கிற முன்கூடம் எங்கே, அடுக்களை எங்கே, வாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்ற வழக்கிலேயே ஒரு காலைப்பொழுது போய்விடும். மூன்று அடிக்கு இரண்டு அடி போதும். மறுநாள் களிமண்ணோடு ஏறக்குறைய அதே அளவு மணலும், விரல்நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் ஒரு கைப்பிடியும் சேர்த்துப் பிசைய வேண்டும். வெறும் களிமண் காயும்போது வெடிக்கும், மணல் மிகுந்தால் உதிரும். உருண்டை பிடித்து இடுப்புயரத்திலிருந்து போட்டுப் பார்க்கட்டும்: சிதறாமல் சற்றே தட்டையானால் பதம் சரி.

சுவரை ஒரே மூச்சில் எழுப்பக் கூடாது என்பதுதான் பிள்ளைகளுக்குப் புரியவைக்கக் கடினமான விஷயம். நான்கு விரல் உயரம் வைத்து, அது இறுகியபின் அடுத்த நான்கு விரல் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈரச்சுவர் வயிறு தள்ளிச் சாய்ந்துவிடும். எங்கள் வீட்டில் அடுக்களைச் சுவர் இரண்டு முறை விழுந்தது, மூன்றாம் முறை மகள் அடியை அகலமாக வைத்து மேலே ஒடுக்கிக்கொண்டு போனாள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மகன் தன் பஸ் நிற்பதற்கென்று தொழுவத்தை ஒட்டி ஒரு கொட்டகை கட்டிக்கொண்டான். மழைக்கு மூட ஒரு தார்ப்பாய்த் துண்டைக் கைவசம் வைத்திருங்கள். மாடி வீட்டில் இருப்பவர்கள் பழைய பலகையின் மேல் பால்கனியிலேயே கட்டலாம்.

சுவர் காய்கிற நேரத்துக்குப் பல்லாங்குழி பொருத்தமானது. மரப்பலகை இல்லாவிட்டால் தரையில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு வட்டங்கள் வரைந்து, வட்டத்துக்கு ஐந்து புளியங்கொட்டை வீதம் 70 எண்ணி வைத்தால் ஆயிற்று. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும்; அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் தாண்டியிருக்கும் குழியில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். ஆட்டத்துக்கு நடுவே ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரருக்கு உரியது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் எனக்குத் தெரியாது. அதற்கும் சிறிய குழந்தைகள் இருந்தால் புளியங்கொட்டையை வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பனையோலை கிடைத்தால் காற்றாடி செய்யலாம். ஓலைத் துண்டுகள் இரண்டை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து இறுக்கி, நடுவில் உடைமரத்து முள்ளைச் செருகி, முள்ளின் மறுமுனையைச் சோளத்தட்டையில் குத்த வேண்டும். ஓலையில் விழும் துளை முள்ளைவிடச் சற்றுப் பெரிதாக இல்லாவிட்டால் சுற்றாது. முள் வேலையைப் பெரியவர்கள் செய்வதே நல்லது.

பனங்கிழங்கு சந்தைக்கு வந்துவிட்டால் சாயங்காலங்களைப் பற்றிக் கவலையில்லை. உப்பும் மஞ்சளும் போட்டு அவித்ததைத் தோலுரித்து, பிளந்து, நாரை உருவும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். பாதி அவர்கள் வாய்க்குள் போகும், பரவாயில்லை. செல்போனைப் பொறுத்தவரை, முழுதாகத் தடுப்பதைவிட இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் என்று வரையறுத்துவிடுவது சண்டையைக் குறைக்கிறது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாலும் சிறுவீட்டை இடிக்க வேண்டாம். சாணம் மெழுகிக் கோலமிட்டு வையுங்கள். தையில் நாள் குறித்து, அதன் வாசலில் மூன்று சிறு கல் கூட்டிச் சின்னப் பானையில் பிள்ளைகளே பொங்கலிடட்டும். பூவெருவையும் ஒரு வாய்ப் பொங்கலையும் ஆற்றில் விடப் போகும்போது, பெரியவர் ஒருவர் முதலில் படித்துறையில் இறங்கி நின்றுகொள்ள வேண்டும். மழைக்குப் பிறகு கடைசிப் படிகளில் பாசி வழுக்கும்.