கோட்டைப் பீரங்கியில் தொடங்குங்கள்: இரண்டு படங்களைப் பொருத்தி ஆழம் காட்டும் முறை

மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்றால் முன்னே தோணி, பின்னே கல்லடிப் பாலம், அப்பால் தென்னைகள் என்று எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். படத்தில் அது தட்டையாகிவிடும். இரு கண்களும் ஏறக்குறைய 6.5 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருந்து பார்ப்பதால்தான் நமக்கு ஆழம் புரிகிறது என்று ஆங்கிலேய விஞ்ஞானி சார்ள்ஸ் வீற்ஸ்டன் 1838இல் விளக்கினார். அந்த இரண்டு பார்வைகளையும் உங்கள் போனிலேயே எடுக்கலாம்.

முதல் படத்துக்கு வாவி வேண்டாம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அலையும் தோணியும் நகர்ந்துவிடும். நான் எடுத்தபோது தோணி இரண்டாகத் தெரிந்தது, எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. ஒல்லாந்தர் கோட்டையில் இருக்கும் பழைய பீரங்கிதான் நல்லது, அசையாது.

பீரங்கியிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நில்லுங்கள். திரையை அழுத்திப் பிடித்து ஒளியையும் குவியத்தையும் பூட்டுங்கள். இடது காலில் பாரத்தைப் போட்டு ஒரு படம், அப்புறம் வலது காலுக்கு மாறி இன்னொன்று. போனைத் திருப்பாமல் பக்கவாட்டில் மட்டும் நகர்த்துங்கள். எவ்வளவு நகர்த்துவது? மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு. இரண்டு மீற்றருக்கு அது 6.5 சென்ரிமீற்றர் அளவில்தான் வரும். ஆறு மீற்றர் என்றால் 20 சென்ரிமீற்றர்.

இனி கணினி. மசுஜி சுட்டோ உருவாக்கிய ஸ்டீரியோ போட்டோ மேக்கர் என்ற மென்பொருள் விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கிறது. 'ஃபைல்' பட்டியலில் இடது, வலது படங்களைத் திறக்கும் கட்டளையைத் தெரிவுசெய்து இரண்டையும் கொடுங்கள். மாறிப்போனால் 'எக்ஸ்' விசையை அழுத்தினால் இடம் மாறும்.

அடுத்து 'அட்ஜஸ்ட்' பட்டியலில் 'ஆட்டோ அலைன்மென்ட்'. கையால் எடுத்த இரண்டு படங்களில் ஒன்று சற்று மேலே இருக்கும், சற்றுச் சாய்ந்திருக்கும், அளவும் கொஞ்சம் வேறுபடும். கண்கள் பக்கவாட்டு வேறுபாட்டைத் தாங்கும். மேல்கீழ் வேறுபாடு சிறிதானாலும் தலை வலிக்கும். மென்பொருள் இரு படங்களிலும் ஒரே புள்ளிகளைத் தேடி, அவை ஒரே மட்டத்தில் வருமாறு சுழற்றி, அளவைச் சரிசெய்து, மிஞ்சும் ஓரங்களை வெட்டிவிடுகிறது. பீரங்கியிலும் கல்லிலும் பிடித்துக்கொள்ளப் புள்ளிகள் ஏராளம். வெறும் வானத்தில் கிடையாது.

இத்தோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் எந்தப் பொருள் திரையின் மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். 'ஸ்டீரியோ' பட்டியலில் சிவப்பு, நீலப்பச்சை அனகிளிஃப் காட்சிக்கு மாறுங்கள், அதாவது இரண்டு படங்களையும் இரு நிறங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதே நிறங்கள் கொண்ட மூக்குக் கண்ணாடியால் பார்க்கும் முறை. முதலில் அந்தக் கண்ணாடி போடாமல் பாருங்கள்: நிற ஓரம் இல்லாமல் படம் தெளிவாக இருக்கும் இடம்தான் திரையின் மட்டம். இடது, வலது அம்பு விசைகளால் நகர்த்தி, பீரங்கியின் மிக அருகிலுள்ள பகுதியில் அந்த நிற ஓரம் மறையச் செய்யுங்கள். இப்போது எல்லாம் சட்டகத்துக்குப் பின்னால் போகும். ஓரத்தில் வெட்டுப்பட்ட எதுவும் முன்னால் துருத்தி நிற்கக் கூடாது, அது கண்ணை உறுத்தும்.

சரி, இப்போது கண்ணாடியை மாட்டுங்கள், சிவப்பு இடது கண்ணுக்கு. பீரங்கி குழிந்து, தூரத்துச் சுவர் முன்னே வந்தால் படங்கள் மாறியிருக்கின்றன, 'எக்ஸ்' விசையை அழுத்துங்கள்.

சேமிக்கும்போது இரண்டு பிரதி எடுங்கள். நண்பர்களுக்கு அனுப்ப அனகிளிஃப், உங்களிடம் வைத்திருக்கப் பக்கத்தோடு பக்கமாக வைத்த படம். நிறம் கலந்துவிட்ட பிரதியைப் பிறகு பிரித்துச் சரிசெய்ய முடியாது.