கடும் ஓட்டிசம்: வீட்டில் நாம் விடும் பிழைகள்

எங்கள் மகனுக்குப் பதினொரு வயது. கடும் ஓட்டிசம்; பேச்சு இல்லை. போன மார்கழியில் மூன்று நாட்களாக இடது கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தான். இரவில் சுவரில் தலையை மோதினான். "ஓட்டிசம் என்றால் இப்படித்தான்" என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். காட்டிய வைத்தியரும் தூக்க மருந்தைக் கூட்டித் தந்தார். நான்காம் நாள், பிள்ளை சோற்றை வலப்பக்கமாகவே மெல்வதை அம்மம்மாதான் கண்டுபிடித்தார். கடைவாய்ப் பல் சூத்தை! பல்லைப் பிடுங்கி இரண்டு நாளில் கை கன்னத்துக்குப் போவது நின்றுவிட்டது.

புதிதாக வரும் எதையும் ஓட்டிசத்தின் கணக்கில் எழுதுவதைப் போலப் பெரிய பிழை வேறில்லை. பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். பெண் பிள்ளையென்றால் மாதவிடாய் வலியையும் பாருங்கள். அடிக்கடி வெறித்தபடி உறைந்து நின்றால் அது வலிப்பாக இருக்கலாம். அறிவுவளர்ச்சிக் குறைபாடும் உள்ள ஓட்டிசப் பிள்ளைகளிடம் வலிப்பு கூடுதலாகக் காணப்படும். கைபேசியில் காணொளி எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். சாப்பாடு, தூக்கம், மலம் போன நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள்.

'படத்தைக் காட்டிப் பழக்கினால் பேச்சு வராது' என்று நாங்களும் நம்பினோம். பிள்ளை வேண்டியதைக் காட்டிக் கேட்கும் பட அட்டைகள் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் அட்டை செய்திருந்த எங்களுக்கு, 'நோகிறது' என்பதற்கு ஒன்று செய்யவேண்டும் என்று தோன்றியது பல் பிடுங்கிய பிறகுதான்.

கொழும்பில் இன்னொரு அறிவுரை தாராளமாகக் கிடைக்கும்: வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள். இருமொழிச் சூழல் ஓட்டிசப் பிள்ளையின் மொழியைக் கெடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. அம்மம்மாவின் வாயை அடைத்ததுதான் நாங்கள் கண்ட பலன்.

கோயிலில் நேர்த்தி வைப்பதில் சேதமில்லை. உடலிலிருந்து உலோகத்தை நீக்குகிறோம், வெளிற்றித் திரவத்தால் (ப்ளீச்) சுத்தம் செய்கிறோம் என்பவர்களை வாசற்படி ஏற்றாதீர்கள். 2005இல் அமெரிக்காவில் அந்த உலோக நீக்கச் சிகிச்சையின்போது ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான்.

'கடும் ஓட்டிசம்' என்ற வகையை 2021இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு முன்வைத்தபோது, நாள் முழுவதும் பெரியவர் ஒருவர் அருகில் தேவைப்படுவதை அதன் அடையாளமாகச் சொன்னது. நாள் முழுவதும் என்றால் குளிக்கப்போகும் பத்து நிமிடமும் அதில் அடக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கைகள் பலவும் தண்டவாளத்தை நோக்கியே போகும். அதற்கு அப்பால் கடல். இப்பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் தீராத ஆசை. கதவின் மேல்விளிம்பில் கொண்டி போடுங்கள். தொலைபேசி இலக்கத்தோடு விவரத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, பிள்ளையின் சட்டையில் தையுங்கள். பிள்ளையைக் காணவில்லையென்றால் ஒருவர் நேரே கடற்கரைக்கு ஓடவேண்டும். சொந்தக்காரர் வீடுகளுக்குத் தொலைபேசி எடுப்பதைப் பிறகு பார்க்கலாம்.