வேப்பிலையும் கிளின்டமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் சேர்ந்த, தோலில் பூசும் ஜெல் செய்யப் போகிறீர்களா?

முதலில் வெறும் ஜெல்லைச் செய்யுங்கள். மருந்தும் வேண்டாம், வேப்பிலையும் வேண்டாம். என் இறுதியாண்டு ஆய்வில் இதை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். ஸ்டஃபைலோகொக்கஸ் ஒரியஸ் என்ற பக்டீரியா வளர்த்த தட்டில், என் ஜெல்லைச் சுற்றிக் கிருமி வளராமல் விட்ட வட்டத்தைப் பார்த்து மூன்று நாள் சந்தோசமாகத் திரிந்தேன். மேற்பார்த்த மிஸ் கேட்டது ஒரே கேள்வி: "வெறும் ஜெல் எங்க பிள்ளை?" போட்டுப் பார்த்தால் அதைச் சுற்றியும் சின்ன வட்டம். பழுதாகாமல் இருக்கச் சேர்த்த பரபனும் கிளைக்கோலும் தாங்களே கிருமியைத் தடுத்திருந்தன. எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். ஆகவே எப்போதும் நான்கு ஜெல்: வெறும் ஜெல், சாறு மட்டும், மருந்து மட்டும், இரண்டும் சேர்ந்தது.

இலை நான் வெள்ளவத்தையில் அம்மம்மா வீட்டு மரத்தில் பறித்தது. புறக்கோட்டை கேபோஸ் லேனில் காய்ந்த மூலிகை தாராளமாகக் கிடைக்கும். ஆனால் எந்த மரம், எப்போது பறித்தது என்று உங்களால் எழுத முடியாது. ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, பேராதனைப் பூங்காவில் உள்ள தேசிய ஹேர்பேரியத்தில் (உலர்த்திய தாவரங்களின் காப்பகம்) அடையாளத்தை உறுதிப்படுத்துங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் நிழலில் காயவைத்த இலை மழை நாளில் பூஞ்சணம் பிடிக்கும். 40 பாகையில் வைத்த உலர்த்தும் அடுப்புதான் நல்லது. 50 கிராம் தூளை 500 மில்லிலீற்றர் 70 வீத எதனோலில் மூன்று நாள் ஊறவிட்டு, வடித்து, 40 பாகையில் எதனோலை முழுதாக ஆவியாக்குங்கள். வாடை இருந்தால் வேலை முடியவில்லை. எஞ்சிய எதனோலும் கிருமியைக் கொல்லும்.

ஜெல்லுக்குப் போகமுன் சாறும் மருந்தும் ஒத்துப்போகின்றனவா என்று 96 குழித் தட்டில் செக்கர்போர்ட் முறையில் (இரண்டையும் வெவ்வேறு அளவுகளில் கலந்து கிருமிமேல் விடுவது) பாருங்கள். கிருமியைத் தடுக்கச் சேர்ந்திருக்கும்போது தேவைப்படும் அளவைத் தனித்தனியே தேவைப்படும் அளவோடு ஒப்பிடும் எண்தான் எஃப்.ஐ.சி. சுட்டெண். அது 0.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒன்றுக்கொன்று துணை. 4க்கு மேல் என்றால் ஒன்றையொன்று கெடுக்கிறது. அந்தச் சோடியை விட்டுவிடுங்கள். மூலிகை என்பதற்காக மருந்துக்கு உதவியே தீரும் என்று நம்புவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

100 கிராம் ஜெல்லுக்கு நான் எடுத்தது: ஜெல்லைத் தடிக்கவைக்கும் தூளான கார்போபோல் 940 ஒரு கிராம், புரொப்பிலீன் கிளைக்கோல் 10 கிராம், மெதைல்பரபன் 0.2 கிராம், சாறு 2 கிராம், கிளின்டமைசின் பொஸ்பேற் ஏறத்தாழ 1.2 கிராம் (அது 1 வீதக் கிளின்டமைசினுக்குச் சமம்), மிச்சம் காய்ச்சி வடித்த நீர். கார்போபோலை ஒரேயடியாகக் கொட்டினால் மீன் கண் போலக் கட்டி விழும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. சுழலும் நீரில் மாவு தூவுவதுபோலத் தூவி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். ட்ரைஎதனோலமைன் என்ற காரத்தைத் துளித்துளியாக விட, pH ஏற ஏறக் கண்முன்னே தடிக்கும். 6ஐத் தாண்டவிடாதீர்கள், தோலுக்கும் மருந்துக்கும் சற்றே அமிலம்தான் பிடிக்கும். சாற்றைக் கிளைக்கோலில் கரைத்துக் கடைசியில் சேருங்கள். உப்பு கார்போபோலை இளக்கிவிடும், இலைச்சாற்றிலும் உப்பு உண்டு. ஜெல் தண்ணியாகப் போனால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

தட்டில் பெரிய வட்டம் வந்தால் மருந்து தோலுக்குள் போகும் என்று அர்த்தமில்லை. அதற்கு ஃபிரான்ஸ் செல் வேண்டும்: நடுவில் தோல் துண்டை வைத்து, மேலே பூசிய மருந்து கீழேயுள்ள கரைசலுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் கண்ணாடிக் கலம். பன்றிக் காதுத் தோல் வாங்கும்போது சுடுநீர் படாததாகக் கேளுங்கள். மயிர் நீக்கச் சுடுநீரில் முக்கியெடுத்த தோலின் மேல்தடுப்பு ஏற்கெனவே கெட்டிருக்கும், எதைப் பூசினாலும் ஊடுருவும். 32 பாகையில் வைத்து, 1, 2, 4, 6, 8, 24 மணிகளில் மாதிரி எடுத்து, எடுத்த அளவு தாங்கல் கரைசலைத் திரும்ப ஊற்றுங்கள். தோலுக்கடியில் காற்றுக்குமிழி நின்றால் அந்தச் செல்லின் கணக்கு பிழை.

அளக்கும்போது சாதாரண நிறமாலைமானியை நம்ப வேண்டாம். கிளின்டமைசின் 210 நானோமீற்றரளவில்தான் தெரியும், அங்கே வேப்பிலைச் சாறும் ஒளியை உறிஞ்சும். கலவையைப் பிரித்து ஒவ்வொன்றையும் அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் நேரத்துக்கு இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். நெறிமுறைக் குழு கையெழுத்திடும்வரை எவர் தோலிலும் பூசாதீர்கள், உங்கள் கையிலும்தான்.